மன்னார்க் கடலில் ஒரு ஜாகுவார்

இலங்கைக் காடுகளில் வேட்டையாடித் திரிந்த கதையை நாதிர் என்ற வாலிபன் பாடுகிறான். புலியைத் துரத்தினானாம். சிறுத்தையைத் துரத்தினானாம். கூடவே ஜாகுவாரையும் துரத்தினானாம். கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில், ஜாலான் ஸ்காட்டை ஒட்டிய அடுக்குமாடி வீடொன்றின் கூடத்தில், பிரெஞ்சு ஓப்பராப் பாட்டின் பொருளைக் கைப்பேசியில் தேடித் தேடிச் சொல்லிக்கொண்டிருந்த பேத்தியை அம்மம்மா இடைமறித்தார்.

"ஜாகுவார் எண்டால் கார் அல்லோ பிள்ளை?"

"மிருகமும் இருக்கு அம்மம்மா. தென்னமெரிக்காவிலை."

"அப்ப இலங்கைக்கு அது என்னெண்டு வந்தது?"

நியாயமான கேள்வி. இலங்கையில் சிறுத்தை உண்டு, புலியே கிடையாது. ஜாகுவார் அட்லாண்டிக்கைத் தாண்டி வந்ததாகச் சரித்திரமும் இல்லை. ஆனால் அந்த விலங்கு பாட்டுக்குள் புகுந்ததற்கு ஒரு காரணம் தோன்றுகிறது. இந்த ஓப்பராவின் கதை முதலில் ஜாகுவார் உலவும் மெக்ஸிக்கோவில் நடப்பதாகத்தான் எழுதப்பட்டது. பிறகு என்ன நினைத்தார்களோ, மூட்டை முடிச்சோடு கதையை இலங்கைக்கு மாற்றிவிட்டார்கள். அந்த மூட்டையிலிருந்து ஒரு ஜாகுவாரை இறக்கிவைக்க மறந்துபோனார்கள் போலும்.

ஓப்பராவின் பெயர் 'லே பெஷர் த பெர்ல்', அதாவது 'முத்துக் குளிப்போர்'. இசை ஜார்ஜ் பிஸே. பாரிஸில் தியாத்ர் லிரிக் அரங்கில் 1863 செப்டம்பர் 30 அன்று முதலில் மேடையேறியபோது அவருக்கு வயது 24. அம்மம்மாவும் பேத்தியும் பார்த்தது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓப்பராவின் மேடையில் நடந்து, 2016 ஜனவரி 16 அன்று உலகத் திரையரங்குகளுக்கு நேரலையாக அனுப்பப்பட்ட நிகழ்ச்சியின் பதிவு.

அந்த வீட்டுக்குள் ஓப்பரா நுழைந்ததே கொரோனா புண்ணியத்தில்தான். 2020 மார்ச் 16 அன்று, அரங்கைப் பூட்டிய மெட் நிறுவனம், பழைய பதிவுகளை இரவுக்கு ஒன்றாக இலவசமாக இணையத்தில் விடத் தொடங்கியது. இரண்டு நாள் கழித்து மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. நியூயார்க்கின் இரவு ஏழரை மணி, கோலாலம்பூரின் காலை ஏழரை மணி. பால் காய்ச்சி இறக்கும் நேரம். முதலில் வந்த பதிவு அதே பிஸேயின் 'கார்மென்'. அதைப் பார்த்துவிட்டு அம்மம்மா சொன்ன விமர்சனம், "நல்லாப் பாடுகினம், ஆனால் பெட்டை சரியில்லை." அப்படித் தொடங்கிய பழக்கம் ஊரடங்கு போன பிறகும் போகவில்லை. இப்போது மாதச் சந்தா கட்டிப் பார்க்கிறார்கள். நேரலை என்ற பேச்சுக்கே இடமில்லை. நியூயார்க்கில் குளிர்காலச் சனிக்கிழமை பகல் ஒரு மணிக்குத் திரை விலகினால் இங்கே ஞாயிறு விடிகாலை இரண்டு. அந்த நேரத்தில் பிரிக்ஃபீல்ட்ஸில் விழித்திருப்பவை மாமாக் கடைகள் மட்டும்தான்.

'முத்துக் குளிப்போர்' என்று பெயரைச் சொன்னதும் அம்மம்மா நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். இலங்கைக் கதை என்றால் சும்மாவா? அவருடைய அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வேயில் கிராணி வேலைக்கு வந்தவர். பிரிக்ஃபீல்ட்ஸின் ஒரு பாதியே அப்படி வந்தவர்களால் ஆனது. கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு அருகே புக்கிட் கூடா வரை 1886இல் தண்டவாளம் போட்ட பிறகு, ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத்து இளைஞர்கள் கிராணிகளாகவும் ஸ்டேஷன் மாஸ்டர்களாகவும் கப்பலேறினார்கள். ரயில்வே குவாட்டர்ஸில் குடியிருந்தார்கள். நல்லூரை நினைத்துக்கொண்டு ஸ்காட் ரோட்டில் கந்தசாமி கோயில் எழுப்பினார்கள். அந்தக் குவாட்டர்ஸ் வரிசைகளை இடித்துவிட்டார்கள். கோயில் இருக்கிறது.

கதை இதுதான். முத்துக் குளிப்பவர்கள் ஸுர்கா என்பவனைத் தலைவனாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவனுடைய பழைய நண்பன் நாதிர் வந்து சேர்கிறான். இருவரும் ஒருகாலத்தில் கண்டியில் ஒரு கோயிலில் முக்காடு போட்ட பெண்ணொருத்தியைப் பார்த்து ஒரே சமயத்தில் மனதைப் பறிகொடுத்தவர்கள். நட்பு கெடக்கூடாது என்று அவளை மறப்பதாகச் சத்தியம் செய்து பிரிந்தவர்கள். இப்போது ஊர் வழக்கப்படி, குளிப்பவர்களைத் தீய சக்திகளிடமிருந்து காக்க, முக்காடிட்ட கன்னி ஒருத்தி படகில் வந்து இறங்குகிறாள். இரவெல்லாம் பாறைமேல் நின்று பாட வேண்டியது அவள் வேலை. முகத்தைக் காட்டக்கூடாது, ஆண் துணை கூடாது. அவள் யார் என்று தமிழ் சினிமா பார்த்த எவருக்கும் சொல்லத் தேவையில்லை. லைலா. அதே பெண்.

லைலா அரபுப் பெயர். நாதிரும் அந்தப் பக்கத்துப் பெயர்தான். பூசாரியின் பெயர் நூராபாத், ஏதோ பாரசீக நகரத்தின் பெயர்ப்பலகை போல. ஸுர்கா எங்கிருந்து வந்தான் என்பது யாருக்கு வெளிச்சம்? ஒரு கந்தையா, ஒரு அந்தோனி, ஒரு மரைக்காயர் கூடக் கிடையாது. இவர்கள் கும்பிடுவதோ பிரம்மாவை. கண்டியில் தலதா மாளிகை உண்டு, நாதர், விஷ்ணு, கதிர்காமக் கடவுள், பத்தினித் தெய்வம் நால்வருக்கும் தேவாலயங்கள் உண்டு. பிரம்மாவுக்குக் கோயில் கட்டிப் பூசை செய்கிற வழக்கம் தமிழ்நாட்டிலேயே அபூர்வம் என்பது அம்மம்மாவுக்குத் தெரியும். மிஷேல் கார்ரே, யூஜேன் கார்மோன் என்ற வசனகர்த்தாக்கள் இருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

அவர்களைக் குறை சொல்வது எளிது. அவசரத்தில் எழுதினார்கள். பிரான்ஸின் 'ரோமப் பரிசு' வாங்கிய இளம் இசையமைப்பாளர் ஒருவரின் புதிய ஓப்பராவை ஆண்டுதோறும் மேடையேற்ற வேண்டும் என்ற நிபந்தனையோடு அன்றைய அமைச்சர் வலேவ்ஸ்கி பிரபு தியாத்ர் லிரிக் அரங்குக்கு ஒரு லட்சம் பிராங்க் மானியம் கொடுத்திருந்தார். 1857இல் அந்தப் பரிசை வாங்கியவர் பிஸே. முடிவு வராமல் கார்ரே திண்டாடியபோது, அரங்கின் இயக்குநர் லெயோன் கார்வாலோ எல்லாவற்றையும் நெருப்பில் போடு என்று கிண்டலாகச் சொன்னாராம். கார்ரே அதை அப்படியே எடுத்துக்கொண்டு கடைசிக் காட்சியில் ஊருக்குத் தீவைத்தார் என்று ஒரு கதை உண்டு. 18 முறை மேடையேறியது, அவ்வளவுதான். பத்திரிகைகள் கடித்துக் குதறின. இசையமைப்பாளர் பெர்லியோஸ் ஒருவர்தான் இசையைப் பாராட்டி எழுதினார். பிஸே 36 வயதில் இறக்கும்வரை பாரிஸ் இதை மறுபடி மேடையேற்றவே இல்லை. பிஸே இவ்வளவு திறமைசாலி என்று தெரிந்திருந்தால் இப்படியொரு மட்டமான கதையை அவர் தலையில் கட்டியிருக்க மாட்டோம் என்று வசனகர்த்தாக்கள் பிற்பாடு வருந்தினார்களாம்.

தெரிந்துகொள்ள வழியே இல்லாத ஊரல்ல பாரிஸ். பிஸே பிறந்த அதே 1838இல், புதுச்சேரி வட்டாரத்திலிருந்து தேவதாசிகள் சிலர் நட்டுவனாரோடும் பக்கவாத்தியங்களோடும் கப்பலேறிப் பாரிஸுக்குப் போய் ஆடினார்கள். அவர்களில் அம்மணி என்ற இளம்பெண்ணைப் பார்த்து எழுத்தாளர் தியோஃபில் கோத்தியே மயங்கிப்போய் எழுதித் தள்ளினார். சிற்பி பார் அவளுக்கு வெண்கலச் சிலை வார்த்தார். தென்னாட்டுப் பாட்டும் மத்தளமும் பாரிஸ் மேடையில் கேட்டு 25 வருஷம் ஆன பிறகுதான் 'முத்துக் குளிப்போர்' வந்தது. அந்த ஓசையின் ஒரு துளிகூட பிஸேயின் இசையில் இல்லை. கொஞ்சம் தம்பூரின், கொஞ்சம் வளைந்து நெளியும் ஓபோ. கிழக்கு என்றால் பாரிஸுக்கு அன்று அது போதும்.

இவ்வளவையும் சொன்ன பிறகு ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பாட்டு ஆரம்பித்தால் இந்தக் குற்றப்பத்திரிகை கையை விட்டு நழுவிவிடுகிறது.

முதல் அங்கத்தில் நண்பர்கள் இருவரும் கோயிலில் கண்ட பெண்ணை நினைத்துப் பாடும் இடம் ஒன்று வருகிறது. முழு ஓப்பராவும் மறந்துபோனாலும் இந்த ஒரு பாட்டு சாகாது என்பார்கள். 1950களின் தொடக்கத்தில் யூஸி பியோர்லிங்கும் ராபர்ட் மெரிலும் பாடி வெளியிட்ட இசைத்தட்டு, ஓப்பராவின் பெயரே தெரியாதவர்கள் வீட்டிலும் சுற்றியது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஜனங்கள் உருகும் அந்த மெட்டு பாட்டின் கடைசியில் திரும்ப வந்து இரண்டு குரல்களும் சேர்ந்து முடிப்பது பிஸே எழுதியதல்ல. அவர் எழுதிய முடிவு வேறு. அவர் இறந்த பிறகு, பதிப்பாளர்கள் கை வைத்ததில் வந்தது இந்த முடிவு. கையெழுத்துப் பிரதி தொலைந்துவிட்டது. 1863இல் அச்சான குரல்–பியானோ பிரதியை வைத்து 1970களில்தான் மூல வடிவத்தை மீட்கத் தொடங்கினார்கள். நம் நாடகப் பாடல்களின் கதியைத் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதியது எது, கம்பெனி நடிகர்கள் சேர்த்தது எது என்று பிரிக்கப்போனால் பொழுது விடிந்துவிடும்.

மெட் மேடையில் இந்த ஓப்பரா கிட்டத்தட்ட 100 வருஷம் ஏறவேயில்லை. 1916இல் கரூஸோ நாதிராகப் பாடினார். அதோடு சரி. அடுத்தது 2015 டிசம்பர் 31 இரவு. இயக்கியவர் பென்னி வூல்காக் என்ற பெண்மணி. அடிப்படையில் சினிமாக்காரர், லண்டனில் 2010இல் இதே தயாரிப்பைச் செய்து பார்த்தவர். இலங்கையை அவர் பாரிஸ்காரர்களின் கண்ணால் பார்க்கவில்லை. தென்னை ஓலையும் யானையும் இல்லை. துருப்பிடித்த தகரக் கூரைகளும் கால் நட்டுத் தண்ணீரின்மேல் நிற்கும் பலகை வீடுகளும் நெருக்கியடிக்கும் ஒரு கடற்கரைச் சேரி. கிள்ளான் ஆற்று முகத்துவாரத்துக்கு அப்பால் நண்டுத் தீவு பக்கம் போனவர்களுக்குப் பழகிய காட்சிதான்.

ஆனால் மனதைப் பிடித்து இழுப்பது அதற்கும் முந்தைய காட்சி. முன்னிசை தொடங்கும்போது மேடை முழுக்கக் கடல். மெல்லிய திரைக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத கம்பியில் தொங்கும் கலைஞர்கள் மேலிருந்து கீழே நீந்தி வருகிறார்கள். குமிழிகள் மேலே போகின்றன. அவர்கள் கால் உதைத்து அடிமட்டத்தைத் தொட்டுத் திரும்புகிறார்கள். அரங்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கு இது ஒரு பெரிய ஓவியமாகத் தெரிந்திருக்கும். கேமரா அதற்குள் போய்விடுகிறது. மூச்சை அடக்கிய கன்னங்கள் தெரிகின்றன. கம்பியும் சில நேரம் தெரிகிறது. தெரிந்தால் என்ன?

மேடையைப் படம் பிடித்துப் பார்ப்பதில் உள்ள வித்தியாசமே இதுதான். ஏறத்தாழ நாலாயிரம் பேர் அமரக்கூடிய மெட் அரங்கின் கடைசி வரிசைக்குக் கேட்கவேண்டும் என்று மைக் இல்லாமல் பாடுகிறவரின் முகத்தை, இரண்டடி தூரத்தில் கொண்டுவந்து கூடத்தில் வைத்துவிடுகிறார்கள். கழுத்து நரம்பு புடைக்கிறது, நெற்றியில் வியர்வை உருள்கிறது, தாடை நடுங்குகிறது. காதலியை நினைத்து உருகுகிறவனைக் காட்டவேண்டிய இடத்தில், பளு தூக்குகிறவனைக் காட்டுகிறது கேமரா. சிலருக்கு இது பிடிப்பதில்லை. அம்மம்மாவுக்குப் பிடித்திருந்தது. "பாட்டுக்குக் கஷ்டப்படுறது தெரியவேணும்" என்றார். அதே சமயம், கேமரா எதைக் காட்டுகிறதோ அதைத்தான் பார்க்க முடியும். ஸுர்கா பாடும்போது ஓரத்தில் நிற்கும் ஊர்ச்சனம் என்ன செய்கிறது என்று பார்க்க நினைத்தால் வழியில்லை. அரங்கில் மலிவு டிக்கெட்டுக்காரனுக்கு இருக்கும் அந்தச் சுதந்திரம் வீட்டுச் சோபாக்காரருக்கு இல்லை.

நாதிராக மேத்யூ பொலென்ஸானி, ஸுர்காவாக மரியூஸ் க்வியெச்சென், லைலாவாக டயானா டம்ராவ். வாத்தியக்குழுவை நடத்தியவர் ஜியான்ட்ரியா நொசேடா. பொலென்ஸானி தனியாக நின்று பழைய நினைவைப் பாடும் பாட்டு, உச்சத்தில் கத்திக் கைதட்டு வாங்கும் ரகமல்ல. அலை போல ஆடி ஆடி, குரலை நூலாக இழைத்துக்கொண்டே போய், எங்கே முடிந்தது என்று தெரியாமல் முடிகிறது. தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டப்போன பேத்தியின் கையை அம்மம்மா தட்டிவிட்டார். இன்னொரு சின்ன வம்பு: லைலாவைக் காதலனோடு பிடித்து ஊரைக் கூட்டிக் காட்டிக்கொடுக்கிற பூசாரி நூராபாத்தாகப் பாடிய நிக்கோலா தெஸ்தே, நிஜத்தில் டம்ராவின் கணவர். இடைவேளையில் இதைப் படித்துச் சொன்னதும் வீட்டில் சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

லைலா பாறைமேல் ஏறி நின்று கடலை நோக்கிப் பாடும்போதுதான் பேச்சு நின்றது.

வசனகர்த்தாக்கள் இலங்கையைப் பற்றி எழுதியதில் பெயர் தப்பு, தெய்வம் தப்பு, விலங்கு தப்பு. குரலால் கடலைக் கட்டுகிற ஒருவர் கரையில் இருந்தார் என்பது மட்டும் தப்பில்லை. அவருக்குத் தமிழில் 'கடல் கட்டி' என்று பெயர். சுறா வாயைக் கட்டுகிறவர். மன்னார் வளைகுடாவில் சிலாபம் என்ற முத்துக்குளிப்பு நடந்த காலமெல்லாம், கடல் கட்டி மந்திரம் சொல்லாமல் குளிகாரர்கள் தண்ணீரில் இறங்கமாட்டார்கள். 13ஆம் நூற்றாண்டில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ கடல் கட்டிகளைப் பிராமணர்கள் என்றே எழுதுகிறார். கிடைப்பதில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்கு. பகலில் மீன்களின் வாயைக் கட்டி, இரவில் மந்திரத்தை அவிழ்த்துவிடுவார்களாம். ராத்திரியில் திருட்டுத்தனமாக யாரும் முத்துக் குளிக்கக்கூடாது அல்லவா! காவல்காரன் வேலையை சுறாவிடம் ஒப்படைத்தவர்களின் மூளையை என்னவென்று சொல்வது?

ஆங்கிலேயர் காலத்திலும் இந்தப் பதவி போகவில்லை. மந்திரத்தை நம்பாத அரசாங்கம், குளிகாரர்கள் நம்புகிறார்களே என்று கடல் கட்டியை வைத்துக்கொண்டது. தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பத்துக்கு உரிய வேலை. 1859இல் இலங்கையைப் பற்றி எழுதிய எமர்சன் டெனன்ட், அப்போதைய கடல் கட்டி ஒரு ரோமன் கத்தோலிக்கர் என்று குறிப்பிடுகிறார். அதனால் மந்திரத்தின் வலு குறைந்ததாக யாரும் நினைக்கவில்லையாம். அதைவிட அழகான செய்தி ஒன்றை இன்னொரு ஆங்கில அதிகாரி பதிந்திருக்கிறார். ஒரு கடல் கட்டி படகுகளோடு போக, இன்னொருவர் கரையில் ஓர் அறைக்குள் தனியாக அடைந்திருப்பார். அவர் முன் தண்ணீர் நிரப்பிய பித்தளைப் பாத்திரம். அதில் வெள்ளியால் செய்த இரண்டு மீன்கள், ஆணும் பெண்ணும். கடலில் சுறா யாரையாவது கடித்தால், பாத்திரத்தில் ஒரு மீன் இன்னொன்றைக் கடிக்குமாம்.

பாறையில் தனித்து நிற்கும் லைலாவை விட, வெள்ளி மீன்களைப் பார்த்துக்கொண்டு அறைக்குள் அடைந்திருக்கும் அந்த மனிதர் எந்த ஓப்பராவுக்கும் பொருத்தமானவர். கார்ரேயும் கார்மோனும் இதையெல்லாம் படித்திருந்தார்களா என்று கேட்பதில் பயனில்லை. படித்திருந்தால் ஜாகுவார் தப்பியிருக்காது.

நிஜ முத்துக்குளிப்பில் காதலுக்கு நேரம் இருந்திருக்காது. பிப்ரவரியிலிருந்து ஏப்ரல்வரை கடல் அமைதியாக இருக்கும் சில வாரங்கள்தான் பருவம். அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி என்று மன்னாருக்குத் தெற்கே உள்ள பொட்டல் கரைகளில் ஓலைக் கொட்டகைகளால் ஒரு தற்காலிக நகரமே முளைக்கும். சிலாவத்துறை என்ற பெயரிலேயே சிலாபம் ஒளிந்திருக்கிறது. தூத்துக்குடியிலிருந்து பரதவர்கள், கீழக்கரையிலிருந்து முஸ்லிம் குளிகாரர்கள், பாரசீக வளைகுடாவிலிருந்து அரபுகள் வருவார்கள். கயிற்றில் கட்டிய கல்லில் கால் வைத்து இறங்கி, ஒரு நிமிஷத்துக்குச் சற்று மேலே மூச்சடக்கி, கூடையில் சிப்பியை வாரிக்கொண்டு ஏறவேண்டும். கரைக்கு வந்தால் எடுத்ததில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு. அந்தப் பங்கை ஏலம் எடுத்தவர்கள் நாள்கணக்கில் அழுகவிட்டுத்தான் முத்தைப் பிரிப்பார்கள். பிற்பாடு எழுத்தாளரான லெனார்ட் வுல்ஃப் 1906இல் இளம் அதிகாரியாக மரிச்சுக்கட்டிச் சிலாபத்தில் வேலை பார்த்தவர். அழுகும் சிப்பிகளின் நாற்றமும் ஈக்களும் அவர் எழுத்தில் அப்பிக்கொண்டிருக்கின்றன. எவ்வளவு நல்ல கேமராவாலும் மெட் மேடையிலிருந்து அனுப்ப முடியாத ஒன்று அந்த நாற்றம்.

இங்கே பிரிக்ஃபீல்ட்ஸ்காரர்கள் கொஞ்சம் அடக்கி வாசிக்க வேண்டும். 'எங்கட ஊர்க் கதை' என்று அம்மம்மா நாற்காலியை இழுத்துப் போட்டாரே, அது முழுக்கச் சரியல்ல. யாழ்ப்பாணத்திலிருந்து மலாயா வந்தவர்கள் பேனா பிடித்தவர்கள். சுறாவுக்கு அஞ்சி மந்திரம் கேட்டவர்கள் வேறு கரையினர், வேறு சாதியினர், பெரும்பாலும் வேறு மதத்தினர். பேத்தி இதைச் சொன்னபோது அம்மம்மா மறுக்கவில்லை. "எங்கட ஆக்கள் சிப்பியை எண்ணிக் கணக்கெழுதியிருப்பினம்" என்று மட்டும் சொன்னார். அதுதான் நடந்திருக்கும்.

இரண்டாம் அங்கம் ஓடிக்கொண்டிருக்கையில் அம்மம்மா இன்னொன்றும் சொன்னார். "இது வள்ளி திருமணம் அல்லோ!" உயரமான இடத்தில் ஒரு பெண் காவலுக்கு நிற்கிறாள். ஒரு இடத்தில் கடல், இன்னொரு இடத்தில் தினைப்புனம். ஒருத்தி பாடித் தீய சக்திகளை விரட்டுகிறாள், இன்னொருத்தி ஆலோலம் பாடிக் கிளிகளை விரட்டுகிறாள். குரலைப் பிடித்துக்கொண்டு காதலன் வந்து சேர்கிறான். காவலுக்கு வந்தவளே களவு போகிறாள். நம் வேடன் வேலனாக இருந்ததால் கதை கல்யாணத்தில் முடிந்தது, நாதிர் வெறும் மனிதன். அம்மம்மாவின் பார்வை பொய்யில்லை. தமிழ் நாடக மேடையும் பாட்டால் நடந்த மேடைதான். வசனம் பேச வேண்டிய இடத்தில் தர்க்கப் பாட்டு. படம் பிடித்துப் பார்க்கும் பழக்கமும் நமக்குப் புதிதில்லை. 1933இல் சாமிக்கண்ணு வின்சென்ட் கல்கத்தாவுக்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய், டி.பி. ராஜலட்சுமியை வள்ளியாக வைத்து எடுத்த 'வள்ளி திருமணம்' மேடை நாடகத்தைத் திரைக்குக் கொண்டுவந்ததுதான். ஓடோ ஓடென்று ஓடியது.

மலாயாவிலும் அதே கதை. பம்பாய்ப் பார்சி நாடகக் கம்பெனிகள் பினாங்குக்கு வந்து ஆடியதைப் பார்த்து, 1880களில் அங்கே பங்சாவான் என்ற மலாய் இசை நாடகம் பிறந்தது. வெள்ளைக்காரர்கள் அதற்கு வைத்த பெயரே 'மலாய் ஓப்பரா'. பார்சி மேடையின் எழுதிய திரைகளும் ஹார்மோனியமும் ஒரு பக்கம் மதுரைக்குப் போயின, மறுபக்கம் பினாங்குக்குப் போயின. பங்சாவான் நடிகர்களை வைத்து சிங்கப்பூரில் பி.எஸ். ராஜ்ஹன்ஸ் என்ற இந்தியர் எடுத்த காதல் படத்தைத்தான் மலாய் மொழியின் முதல் பேசும் படமாகச் சொல்வார்கள். பெயர் 'லைலா மஜ்னுன்'. பாரிஸ்காரர்கள் ஒரு மன்னார்ப் பெண்ணுக்கு லைலா என்று பெயர் வைத்ததைச் சிரித்துக்கொண்டிருந்த பேத்திக்கு, இதைப் படித்தபோது சிரிப்பு பாதியில் நின்றது. அந்தப் பெயர் பாரிஸுக்கும் போயிருக்கிறது, சிங்கப்பூருக்கும் வந்திருக்கிறது. யாருக்குச் சொந்தம் என்று யார் கேட்பது?

இரண்டாம் அங்கம் முடிகிற இடத்தில் காதலர்கள் பிடிபடுகிறார்கள். புயல். வூல்காக் அந்தப் புயலை வெறும் மின்னலும் இடியுமாக விடவில்லை. திரை நிறையப் பேரலை ஒன்று காணொளியாக எழுந்து கரையை நோக்கி வருகிறது. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு இலங்கைக் கரையில் நடக்கும் எந்தக் கதையிலும் அலையை அலங்காரமாக வைக்க முடியாது என்று அவர் நினைத்திருக்கலாம். அந்த ஒரு காலையில் இலங்கையில் 30,000க்கு மேற்பட்டோர் போனார்கள். மலேசியக் கரைகளில் 68 பேர். கூடத்தில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இடைவேளைக்கு நிறுத்திய படம் அப்படியே நிற்க, பேத்தி எழுந்துபோய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தாள்.

மூன்றாம் அங்கம் கொஞ்சம் அவசரக் கோலம். லைலா சாவதற்கு முன் தன் சங்கிலியை ஒரு இளைஞனிடம் கொடுத்து அம்மாவிடம் சேர்க்கச் சொல்கிறாள். ஸுர்கா அதைப் பார்க்கிறான். சின்ன வயதில் தன் உயிரைக் காப்பாற்றிய பெண்ணுக்குத் தான் கொடுத்த சங்கிலி! இந்தத் திருப்பத்துக்கு நியூயார்க் விமர்சகர்கள் முகம் சுளிக்கலாம், நமக்கு என்ன வெட்கம்? மச்சத்தைப் பார்த்து அண்ணனைக் கண்டுபிடித்தவர்கள் நாம். ஸுர்கா குடிசைகளுக்குத் தீவைத்து ஊரைத் திசைதிருப்பிவிட்டுக் காதலர்களைத் தப்பவிடுகிறான். பிற்காலப் பதிப்புகள் சிலவற்றில் ஊரார் அவனைக் கொன்றுவிடுவார்கள். 1863இன் மூலத்தில் அவன் சாவதில்லை, தனியே நிற்கிறான். மெட் மேடையிலும் அப்படித்தான். பின்னால் நெருப்பு, முன்னால் ஒரு மனிதன். க்வியெச்செனின் முகத்தை கேமரா விடாமல் பிடித்துக்கொள்கிறது. அந்த இடத்தில் மட்டும் அதன் பிடிவாதத்தை மன்னித்துவிடலாம்.

கைதட்டல் ஓய்வதற்குள் அம்மம்மா கேட்டார்: "குடிசை எரிஞ்ச சனம் எங்கை போகும்?"

ஓப்பராவில் அதற்குப் பதில் கிடையாது. மேடையில் டம்ராவும் பொலென்ஸானியும் கைகோத்துத் தலைவணங்கிக்கொண்டிருந்தார்கள். பூசாரி நூராபாத் தன் மனைவியைப் பார்த்துச் சிரித்தார். பேத்தி தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, 1967இல் வந்த 'அனுபவி ராஜா அனுபவி'யில் நாகேஷும் மனோரமாவும் தூத்துக்குடித் தமிழில் ஆடிப்பாடும் முத்துக்குளிப்புப் பாட்டைக் கைப்பேசியில் போட்டாள். அம்மம்மா காலால் தாளம் போட்டார். வெளியே மோனோ ரயில் போகிற சத்தம் கேட்டது.